வீட்டுக்குள்ளேயே முடங்கும் பெரியவர்கள்

உடம்பெல்லாம் வலி, தூக்கமில்லை என்று வரும் முதியவர்கள் பலருக்கு ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் தெரிவதில்லை. "நேற்று யாரிடம் பேசினீர்கள்?" என்று கேட்பேன். யோசித்துவிட்டு, "பால்காரரிடம்" என்பார்கள். பிள்ளைகள் வெளியூரில், துணையும் போய்ச் சேர்ந்தாயிற்று, நாள் முழுக்க டிவி. இதை வெறும் மனக்குறை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் தனிமையுணர்வோடு தொடர்புடையவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை.

"நாலு பேரோடு பழகுங்கள்" என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஏன் பழகாமல் போனார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். பல நேரம் காரணம் உடம்பில் இருக்கிறது. காது மந்தமானவர் கல்யாண வீட்டில் பேச்சு பிடிபடாமல் சிரித்துச் சமாளிப்பார். சில முறை அப்படி ஆனதும் போவதையே நிறுத்திவிடுவார். சிறுநீரை அடக்க முடியாத பெண்கள் பஸ் ஏறவே அஞ்சுவார்கள், ஆனால் பெற்ற மகளிடம்கூட வாய் திறக்க மாட்டார்கள். கண்புரை, மூட்டு வலி, விழுந்துவிடுவோமோ என்ற பயம் எல்லாம் இப்படித்தான் ஆளை வீட்டுக்குள் அடைக்கின்றன. இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. "வயதானால் அப்படித்தான்" என்று குடும்பமே கைவிடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களை 2024இல் பட்டியலிட்ட லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம், கேட்கும் திறன் இழப்பையும் சமூகத் தொடர்பின்மையையும் அதில் சேர்த்திருக்கிறது.

அடுத்தது, கூட்டிப்போக ஓர் ஆள். நூலகம், பூங்கா, கோயில் என்று போக இடம் இருக்கிறது. முதல் நாள் தனியாகப் போய் நிற்கத்தான் கால் வராது. பிரிட்டனில் இதற்கென்றே பொதுச் சுகாதாரத் துறையில் ஊழியர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு தேடி வருகிறார்கள். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கேளுங்கள், அந்தப் பெரியவரைக் கூட்டிப்போக நீங்களே முன்வாருங்கள்.

போன இடத்தில் அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்குவதோ, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவதோ, வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஆளிருக்கும் வேலையாக இருக்கட்டும்.

சாப்பாட்டை ஒதுக்கினாலோ, "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று சொன்னாலோ காத்திருக்காதீர்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.