ஏர் டை கிரைண்டர் வாங்குபவர்களுக்கு: விலைக்கு முன் அதன் வேகத்தைப் படியுங்கள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் என் பட்டறைக்கு வந்து, துணிப்பையிலிருந்து ஓர் ஏர் டை கிரைண்டரை, அதாவது கம்ப்ரசர் காற்றில் சுழலும் கையடக்கத் தேய்ப்புக் கருவியை, எடுத்து மேசையில் வைத்தார். தன் அப்பாவின் பழைய மாருதி 800 காரை வீட்டு போர்ட்டிகோவில் நிறுத்தி, துருப்பிடித்த தரைத் தகடுகளை வெட்டி மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவருடைய புகார் ஒன்றுதான்: "கிரைண்டருக்குப் பவரே இல்லீங்கண்ணா." என் கண் கிரைண்டரின் மேல் நிற்கவில்லை, அதன் மூக்கில் மாட்டியிருந்த பொருளிடம் போய்விட்டது. மின்சார ஆங்கிள் கிரைண்டரில் போடும் 4 அங்குலக் கட்டிங் டிஸ்க் அது. அதன் 16 மி.மீ. துளைக்குள் வாஷர்களைத் திணித்து, டிஸ்க்கைப் பிடிக்கும் தண்டான மாண்ட்ரலில் இறுக்கியிருந்தார். விளிம்பில் கால்வாசியைக் காணோம். அந்தத் துண்டு எங்கே என்று கேட்டதற்கு, போர்ட்டிகோவின் ஃபைபர் கூரையைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது என்று சிரித்தார். "காத்துல ஓடறதுதானுங்களேண்ணா, என்னாயிரப் போகுது?"

இந்த ஆண்டில் இதே நிலையில் டிஸ்க்கோடு வந்தவர்களில் இவர் ஐந்தாமவர். மூன்றாவதாக வந்தவர் சிரிக்கவில்லை. இடது புருவத்தில் தையலோடு வந்திருந்தார்.

கோவையில் காற்றுக் கருவிகளைப் பிரித்து மாட்டுவதே என் தொழில். அச்சு செய்யும் பட்டறைகளில் டை, மோல்டு ஆகியவற்றின் உட்புறங்களைத் தேய்த்துச் சீராக்கப் பிறந்ததால்தான் இதற்கு டை கிரைண்டர் என்று பெயர். முன்பெல்லாம் அந்தப் பட்டறைகளிலிருந்தும் டிங்கரிங் கடைகளிலிருந்தும் மட்டுமே இவை என்னிடம் வரும். இப்போது இணையத்தில் மலிவாகக் கிடைப்பதால், வீட்டிலேயே கார் வேலை பார்ப்பவர்களும் வாங்குகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு வேலை பார்ப்பவருக்கு விலை குறைந்த கிரைண்டரே போதும். என் ஆதங்கம் வேறு: கிரைண்டரின் விலையைப் பத்துக் கடைகளில் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள், அதன் உடம்பில் பொறித்திருக்கும் ஆர்.பி.எம். எண்ணை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை, ஒரு முறைகூடப் படிப்பதில்லை.

காற்றில் ஓடுவது மென்மையானது, கையடக்கமானது, மின்சாரம் இல்லாதது, ஆகவே ஆபத்தில்லாதது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. உங்கள் வீட்டு 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் பெரும்பாலும் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் போகாது. கால் அங்குலத் தண்டைப் பிடிக்கும் ஏர் டை கிரைண்டரோ 20,000 முதல் 25,000 சுற்று வரை சுற்றும். அளவில் சிறிய கருவிதான் வேகத்தில் இரட்டிப்பாக இருக்கிறது. 4 அங்குல டிஸ்க்கின் மேல் "அதிகபட்சம் 15,300" என்று அச்சிட்டிருப்பதை எடுத்துப் பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள டிஸ்க்கின் சுற்றளவு ஏறத்தாழ 31.4 செ.மீ.; அது நிமிடத்துக்கு 15,300 முறை சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதுதான் டிஸ்க்கைக் கட்டிப் பிடித்திருக்கும் பிசினும் வலையும் தாங்குவதற்கென வகுத்த எல்லை. அதே டிஸ்க்கை 22,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு மணிக்கு 400 கி.மீ.-ஐத் தாண்டிவிடுகிறது. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லையே என்று நினைக்க வேண்டாம். டிஸ்க்கைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறும். இங்கே அது இரண்டு மடங்காகிவிட்டது. போதாக்குறைக்கு, வாஷர் திணித்த துளை நடுவில் நிற்பதில்லை. உடையும் துண்டுகளைத் தடுக்கும் மூடியான கார்டும் டை கிரைண்டரில் கிடையாது.

ஆகவே வாங்கும்போதே ஒன்றை மனத்தில் நிறுத்துங்கள். மாட்டப்போகும் பொருளின் மேல் உள்ள எண், கிரைண்டரின் எண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். 3 அங்குல டிஸ்க்குக்கும் இது பொருந்தும். 20,000 என்று போட்ட டிஸ்க்கை 25,000 சுற்றும் கிரைண்டரில் மாட்டக்கூடாது. கம்பி பிரஷ், மவுண்டட் கல், ஃபிளாப் வீல் எல்லாவற்றுக்கும் இதுவே. எண்ணே அச்சிடாத டிஸ்க்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிசின் டிஸ்க்குகளின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். தகடு வெட்டுவதுதான் உங்கள் முதன்மை வேலை என்றால், கார்டோடு வரும் 3 அங்குல ஏர் கட்-ஆஃப் கருவியைத் தனியாக வாங்குங்கள். டை கிரைண்டரை வெட்டும் கருவியாக்கும் சிக்கனம் வேண்டாம்.

நீண்ட தண்டுள்ள ரோட்டரி பர், அதாவது உலோகத்தைக் குடையும் பல்லுள்ள முனை, இன்னொரு வில்லங்கம். 6 அங்குலத் தண்டைக் காற்றில் வெறுமனே முழு வேகத்தில் சுழற்றினால் அது வளைந்து, சாட்டைபோல் வீசும். முனையை வேலைக்குள் நுழைத்த பிறகே, குறைந்த வேகத்தில், லீவரை மெல்ல அழுத்த வேண்டும்.

இனி "பவர் இல்லை" என்ற புகாருக்கு வருவோம். அந்த இளைஞரின் கிரைண்டரில் பழுது எதுவுமில்லை. அவர் வீட்டில் இருப்பது 1 ஹெச்.பி. கம்ப்ரசர், 25 லிட்டர் டேங்க். கிரைண்டர் பெட்டியில் "சராசரி 4 சி.எஃப்.எம்." (நிமிடத்துக்கு 4 கன அடி காற்று) என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தன் கம்ப்ரசர் ஏறக்குறையப் போதும் என்று முடிவு செய்திருக்கிறார். அந்தச் சராசரி, கருவி கால்வாசி நேரம் மட்டுமே ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. லீவரை அழுத்திப் பிடித்தால் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு காற்று போகும். குறைத்தே வைத்து 10 சி.எஃப்.எம். என்று கொண்டாலும் அது நிமிடத்துக்கு 283 லிட்டர். கம்ப்ரசர் தருவதோ 100 லிட்டர் தேறினால் அதிகம். டேங்க்கில் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும் வரை கிடைப்பது 50 லிட்டர் காற்று. நொடிக்கு 3 லிட்டர் பற்றாக்குறையில் அந்த 50 லிட்டர் ஏறத்தாழ 16 நொடியில் தீர்ந்துவிடும். டேங்க்கைப் பெரிதாக்கினால் 16 நொடி 32 நொடியாகுமே தவிர, கம்ப்ரசர் கூடுதலாக ஒரு லிட்டர்கூடத் தரப்போவதில்லை.

பவர் இல்லாத கிரைண்டரில் டிஸ்க் எப்படி வெடித்தது என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். டேங்க் நிறைந்திருக்கும் அந்த முதல் சில நொடிகளில்தான் அது வெடித்தது. கிரைண்டரின் மேல் உள்ள வேகம் 90 பி.எஸ்.ஐ., அதாவது 6.2 பார் அழுத்தத்துக்கானது. விலை குறைந்தவற்றில் வேகத்தைக் கட்டும் கவர்னர் இருக்காது. அழுத்தத்தைக் குறைத்துக் கட்டும் ரெகுலேட்டர் இல்லாமல் 8 பார் காற்றை நேரே விட்டால், அச்சிட்ட எண்ணையும் மீறிச் சுற்றும். ரெகுலேட்டருக்குச் செலவிடத் தயங்குபவர்களிடம் எனக்குப் பேசத் தெம்பில்லை.

கம்ப்ரசர் வாங்கும்போது ஹெச்.பி.-யையும் லிட்டரையும் விடுத்து, எஃப்.ஏ.டி. எனப்படும், உண்மையில் வெளிவரும் காற்றின் அளவைக் கேளுங்கள். விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது பிஸ்டனின் அசைவை வைத்துப் போட்ட கணக்கு. சிறிய கம்ப்ரசர்களில் வெளிவருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கே இருக்கும். விட்டுவிட்டுத் தேய்க்கும் வீட்டு வேலைக்கே 8 சி.எஃப்.எம். வெளிவர வேண்டும், அதற்கு 3 ஹெச்.பி. பெல்ட் கம்ப்ரசரைத்தான் நாட வேண்டியிருக்கும். அதற்கு இடமும் பணமும் இல்லையென்றால், காற்றுக் கருவித் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், மின்சார டை கிரைண்டரையே வாங்குங்கள். ஏர் கிரைண்டர் மலிவு என்பது தகுந்த கம்ப்ரசர் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மட்டுமே உண்மை.

கம்ப்ரசர் இருக்கிறது, கிரைண்டர் மட்டும்தான் வேண்டும் என்றால், கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது. மூக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். நேரான பர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டி, விரலால் சுற்றிப் பாருங்கள். தலை தள்ளாடினால், தண்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் சரியில்லை. காலெட் 6 மி.மீ.-யா, கால் அங்குலமா என்று கேளுங்கள். கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ.; அதில் 6 மி.மீ. தண்டைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு நம்பத்தக்கதாக இராது, தள்ளாட்டமும் வரும். லீவரில் பாதுகாப்புப் பூட்டு இல்லாததை வாங்கவே வேண்டாம். மேசையிலிருந்து கீழே விழும்போது லீவர் தானாக அழுந்திச் சுற்றிய கிரைண்டர், தரையில் பாம்பைப்போல் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் பின்பக்கம் இருந்தால் தூசியும் எண்ணெயும் வேலையின் மேல் படியாது. சிலிண்டர் ஹெட், மேனிஃபோல்டு துளைகளுக்கு நேர் கிரைண்டர்; கேஸ்கட் முகம், தகட்டுத் துரு ஆகியவற்றுக்குத் தலை மடங்கிய ஆங்கிள் டை கிரைண்டர். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் வீட்டுக் கார் வேலைக்கு ஆங்கிள் வகையையே சொல்வேன். உள்ளே காற்றை வாங்கும் பிளேடுகள் தேயும் பொருள். அவை தனியே கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்கச் சந்தைக்கான கருவிகளில் காற்று நுழையும் மரை என்.பி.டி. வகை, நம் கடைகளில் கிடைக்கும் கப்ளர் பெரும்பாலும் பி.எஸ்.பி. கால் அங்குலத்தில் முன்னதற்கு அங்குலத்துக்கு 18 புரி, பின்னதற்கு 19. டேப்பைச் சுற்றி முறுக்கினால் ஏறுவதுபோல் ஏறி மரையைத் தின்றுவிடும்.

கிரைண்டரைக் குறை சொல்லும் முன் ஹோஸைப் பாருங்கள். ஸ்ப்ரே கன்னோடு வந்த மெல்லிய சுருள் ஹோஸில் இந்தக் கருவிக்கு வேண்டிய காற்று போகவே போகாது; உள்விட்டம் 8 மி.மீ. குறைந்தபட்சம், 10 மி.மீ. நல்லது.

இன்ஜின் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கேஸ்கட் ஒட்டியிருந்த முகத்தைச் சுரண்ட, நார்ப்பஞ்சு போன்ற உராய்வு டிஸ்க்கை மாட்டித் தேய்க்கிறார்கள். பளபளவென்று வரும், ஒப்புக்கொள்கிறேன். அந்த டிஸ்க்கிலிருந்து உதிர்வது அலுமினியம் ஆக்ஸைடு. அது எண்ணெயோடு கலந்து பேரிங்குகளை அரித்துவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன் சர்வீஸ் அறிவிப்பில் எச்சரித்திருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதுமான இடத்தில் டை கிரைண்டர் வேண்டாம். அலுமினிய ஹெட்டைக் குடையும்போது, இரும்புக்கான குறுக்குவெட்டுப் பர்ரைப் போட்டால் பல்லிடுக்கெல்லாம் அலுமினியம் அப்பிக்கொள்ளும். அலுமினியத்துக்கென்று அகலப் பள்ளமுள்ள பர் தனியாக உண்டு.

கண்ணுக்குப் பக்கமூடி உள்ள கண்ணாடி, அதன் மேல் முகக்கவசம், காதுக்கு அடைப்பான், துரு தேய்த்தால் மாஸ்க். வேட்டி, லுங்கி, தொங்கும் துண்டு, தளர்ந்த நூல் கையுறை, எதுவும் ஆகாது. புது டிஸ்க் மாட்டினால் முகத்துக்கு நேரே பிடிக்காமல், மேசைக்கு அடியில் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு வேலையில் வையுங்கள். காற்றில் ஓடினாலும் இரும்பைத் தேய்த்தால் பொறி பறக்கும். பெட்ரோல் டேங்க்கையும் கார்ப்புரேட்டரையும் கழற்றித் தூர வைக்கச் சொன்னால் "கரண்டே இல்லையேண்ணா" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பர்ரை மாற்றும் முன் ஹோஸைக் கழற்றுங்கள், ஒவ்வொரு முறையும்.

தினமும் வேலைக்கு முன் காற்று நுழையும் வாயில் ஏர் டூல் ஆயில் நான்கைந்து சொட்டு விட வேண்டும். இன்ஜின் ஆயில் கெட்டியானது, பிளேடுகளை ஒட்டவைத்துவிடும். வேலை முடிந்ததும் டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் அதில் வரும் தண்ணீரைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

அந்த இளைஞரின் கிரைண்டரைப் பிரித்து, உலர்ந்து கிடந்த பிளேடுகளைக் கழுவி எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். 3 அங்குலக் கட்-ஆஃப் கருவி வாங்கப் போவதாகச் சொன்னவரிடம், அந்த 1 ஹெச்.பி. கம்ப்ரசரில் அதுவும் 16 நொடிதான் ஓடும் என்று மறுபடியும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கடைசியில் தன் பழைய மின்சார ஆங்கிள் கிரைண்டரையே, கழற்றி எறிந்திருந்த கார்டைத் தேடி மாட்டி, தகடு வெட்டுவதற்கு வைத்துக்கொள்கிறேன் என்றார். உடைந்த டிஸ்க்கை மட்டும் நான் திருப்பித் தரவில்லை. வாஷர்களோடு அது இப்போது என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது.