விரல் தவறினால் ராணி போகும்: இணையச் சதுரங்கத்தில் கைப்பிழையைத் தடுக்கும் வடிவமைப்பு

நேரில் சதுரங்கம் ஆடுபவர், எடுத்த காயை ஒரு கட்டத்தில் வைத்து விரலை எடுக்காதவரை, அதை விதிக்கு உட்பட்ட வேறு கட்டத்துக்குக் கொண்டு செல்லலாம் என்பது பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. இணையத்தில் விரலை எடுப்பது என்பது சுட்டியின் பொத்தானை விடுவதாகச் சுருங்கிவிட்டதால், ஒரு கட்டம் முன்பே நழுவிய ராணி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆட்டக்காரர்கள் இதை மவுஸ் ஸ்லிப் என்கிறார்கள்.

வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன், திட்டமே தவறாவதையும், திட்டம் சரியாக இருந்தும் செயல் வழுவுவதையும் வெவ்வேறு பிழைகளாகப் பிரித்தார். முதலாவது ஆட்டத்தின் உயிர். அதில் மென்பொருள் தலையிடக் கூடாது. இரண்டாவதன் காரணத்தை 1954இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி விளக்குகிறது: இலக்கு சிறுத்து, தொலைவு கூடக்கூட, அதைச் சரியாகத் தொட அதிக நேரம் தேவை, அவசரப்பட்டால் குறி தப்பும். கைப்பேசியில் பலகையின் அகலம் 7 செ.மீ. என்று கொண்டால், சதுரங்கக் கட்டத்துக்கு ஏறத்தாழ 9 மி.மீ. கிடைக்கும், குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள் வெட்டும் புள்ளிகளில் கல் வைத்து ஆடும் கோ ஆட்டத்திலோ ஒரு புள்ளிக்கு 4 மி.மீ.கூடத் தேறாது, அதையும் விரலே மறைத்துக்கொள்ளும். ஆன்லைன் கோ சர்வர் தளத்தில், கல்லை வைத்துப் பார்த்தபின் தனிப் பொத்தானை அழுத்தி அனுப்பும் வசதி இருப்பதன் நியாயம் இதுதான்.

ஆனால் அந்தப் பொத்தானை எல்லா ஆட்டங்களுக்கும் வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு நிமிடமே உள்ள புல்லட் எனும் அதிவேக ஆட்டத்தில் உறுதிப்படுத்த நகர்வுக்கு அரை விநாடி ஆனாலும், 40 நகர்வுகளில் 20 விநாடி, அதாவது மொத்த நேரத்தில் மூன்றிலொரு பங்கு போய்விடும். எனவே லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம், எந்த வேக ஆட்டங்களில் உறுதிப்படுத்தல் வேண்டும் என்பதை ஆடுபவரிடமே விடுகிறது. நாள்கணக்கில் நீளும் ஆட்டங்களில்கூட, வெறும் "உறுதியா?" என்ற கேள்வியால் பெரிய பயனில்லை; சில நாள்களில் கண் படிக்கும் முன் கை அழுத்தப் பழகிவிடும். காயைப் புதிய கட்டத்தில் காட்டிவிட்டு, பொத்தானைப் பலகைக்கு வெளியே வைப்பதே பயன் தரும்.

விரைவு ஆட்டங்களுக்கு உள்ளீட்டு முறையையே மாற்றலாம். இழுத்து வைக்கும் முறையில் வழி முழுவதும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். காயையும் கட்டத்தையும் தனித்தனியாகச் சொடுக்கும் முறையில் இடைவழியில் நழுவ ஏதுமில்லை. சிப்பாய் கடைசி வரிசையை எட்டி வேறு காயாக மாறும்போது, பெரும்பாலோர் விரும்பும் ராணியின் படத்தை லிசெஸ் அதே கட்டத்தில் காட்டுவதால் கை நகர வேண்டியதில்லை. ஆட்டத்தைக் கைவிடும் பொத்தானுக்கு மட்டும் இரண்டாம் அழுத்தம் எந்த வேகத்திலும் தகும்: அது ஒரு முறையே பயன்படுகிறது, மீளவும் வழியில்லை. தவறிய நகர்வையாவது, எதிராளி இசைந்தால், திரும்பப் பெறலாம்.