ஆந்த்ரோபோமிமெடிக் ரோபோ: தமிழில் என்ன சொல்லலாம்?

இரண்டு கை, இரண்டு கால், மேலே ஒரு தலை இருந்துவிட்டால் அந்த ரோபோ ஹியூமனாய்டு. மனிதன் சார்ந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு, உருவத்தைக் குறிக்கும் கிரேக்க ‘எய்டோஸ்’ ஒட்டிக்கொண்டதால் வந்த பெயர் இது. சிறுகோளைக் குறிக்கும் ஆஸ்டிராய்டிலும் இதே ஒட்டுதான். தொலைநோக்கியில் விண்மீன் போலத் தெரிந்ததால் அப்படிப் பெயரிட்டார்கள். ஆகவே ‘மனித உருவ ரோபோ’ என்ற தமிழில் குறையே இல்லை.

ஆனால் உருவம் வெளியே தெரிவது மட்டும்தானே? 2000இல் வந்த ஹோண்டாவின் அசிமோ ரோபோவுக்கு மனித வடிவம் இருந்தது. மூட்டுக்குள் இருந்தது மோட்டாரும் கியரும். எலும்பு, மூட்டு, தசை என்று உள்ளமைப்பையும் பார்த்துச் செய்யும் ரோபோவுக்கு வேறு சொல் தேவைப்பட்டது. பிரிட்டனில் க்ரோனோஸ் என்ற ரோபோவைச் செய்த ஓவன் ஹாலண்டும் ராப் நைட்டும் 2006இல் ஆந்த்ரோபோமிமெடிக் என்ற சொல்லை முன்வைத்தார்கள். ‘ஆந்த்ரோபோஸ்’ மனிதன், ‘மிமேசிஸ்’ என்பது நம் இலக்கிய விமர்சகர்கள் ‘போலச் செய்தல்’ என்கிறார்களே, அதுதான்.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முழங்கையை மடக்க இருதலைத்தசை, நீட்ட முத்தலைத்தசை என்று நமக்கே ஜோடி வேண்டியிருக்கிறது. இந்த ரோபோக்களிலும் அப்படித்தான், மோட்டார்கள் கம்பிகளை எதிரெதிராக இழுக்கின்றன. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கெங்கோரோ ரோபோவில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார்கள். அவை சூடாகுமே? அதற்கும் உடம்பின் வழியையே பிடித்தார்கள்: நுண்துளை கொண்ட அலுமினிய எலும்பு வழியே நீர் கசிந்து ஆவியாகும். அதாவது, தண்டால் எடுத்தால் வியர்க்கும் ரோபோ!

சரி, தமிழுக்கு வருவோம். ‘மானுடப்போலி’ என்றுதான் முதலில் தோன்றியது. இலக்கணத்தில் போலி வசைச்சொல் அல்ல. நலம் ‘நலன்’ ஆவது கடைப்போலி. ஆனால் இன்று போலி டாக்டர், போலி பத்திரம் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ மோசடி போலப் படும். ‘மனித உடலமைப்பைப் பின்பற்றும் ரோபோ’ தெளிவுதான், மூச்சு வாங்குகிறது. என் தேர்வு ‘உடலொப்பு ரோபோ’. உருவம் ஒத்தது மனித உருவ ரோபோ, உடலே ஒத்தது உடலொப்பு ரோபோ.

அப்புறம், அந்த இழுகம்பிக்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. தசையை எலும்போடு பிணைப்பதைத் தசைநாண் என்றுதான் பாடப்புத்தகத்தில் படித்தோம். நாண் என்றால் வில்லில் பூட்டும் கயிறு. வேலையும் அதே இழுவிசை வேலைதான்.