கருவின் மரபணுப் பரிசோதனை: கையெழுத்து யாருடையது?

பேனா அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் கையில் இருந்தது. "ஏளா, அவன் போன்ல வரட்டும், பொறவு போடு" என்றார் மாமியார். மகன் சவுதியில், அங்கே வேலை நேரம். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் பார்த்தது இது. வெளிநாட்டில் இருப்பவரிடம் கலந்து பேசுவதில் தப்பில்லை. ஆனால் பரிசோதனைக்கான அந்தச் சம்மதப் படிவத்தில் செல்லுபடியாகும் கையெழுத்து ஒன்றுதான், கர்ப்பிணியுடையது.

11-வது வாரத்திலிருந்து 14-வது வாரத்துக்குள் செய்யும் என்டி ஸ்கேனும் (கருவின் பின்கழுத்தில் உள்ள நீரின் அளவைப் பார்ப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும், கருவுக்கு மரபணுக் குறை இருக்கும் வாய்ப்பைத்தான் சொல்லும். 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் குழந்தைக்குக் குறை இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதைக் கேட்டுவிட்டு அழுதபடி வெளியே வருபவர்கள் எத்தனை பேர்! உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பரிசோதனைகளில் கறாராக இருக்கிறது. 35 வயதைத் தாண்டியவர், இரண்டு முறையோ அதற்கு மேலோ கரு தானாகக் கலைந்தவர், குடும்பத்தில் மரபுவழி நோய் உள்ளவர் என இப்படி ஒரு காரணம் வேண்டும். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் அதிகம். சின்ன வயதில் இறந்துபோன குழந்தையைப் பற்றி வீட்டில் பேசமாட்டார்கள். டாக்டரிடம் மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

ஆபத்துகளை விளக்கி, கர்ப்பிணிக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்கி, நகலை அவரிடமே கொடுக்க வேண்டும். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாப் பெண்ணிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கினால் அது சம்மதமே ஆகாது. மேஸ்திரி அவள் கணவனிடம் சொல்லிவிட்டார் என்பதும் போதாது. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு.

ஆணா பெண்ணா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. கேட்டு ஏற்பாடு செய்யும் கணவருக்கோ உறவினருக்கோ முதல் தடவையே 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கட்டாயப்படுத்தப்பட்ட பெண்ணுக்குத் தண்டனை இல்லை.

சரி, பெரிய குறை உறுதியானால்? கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, கருவைக் கலைக்க 20 வாரம் வரை ஒரு டாக்டரும், 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் மருத்துவ வாரியம். 18 வயது நிரம்பியவருக்கு இதிலும் அவர் சம்மதம் மட்டும் போதும். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவு போனில் நிதானமாகப் பேசுங்கள். வாரக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்.