செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்

முகத்தில் மங்கு என்று வந்திருந்தார் அந்த அம்மா. களைபறிக்கும் கூலி வேலை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். எழுந்து போகும்போது இடக்காலைச் சற்றுச் சாய்த்து வைத்ததைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். "கால் ஆணிதான் டாக்டர்" என்றார். ஏழெட்டு மாதமாக மருந்துக் கடையில் கார்ன் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பு. மை சிந்தியதுபோல் கரை கோணல்மாணலாக, ஒருபுறம் அடர்கறுப்பு, மறுபுறம் சாம்பல், நடுவில் கசியும் சின்னப் புண். கால் ஆணியை அழுத்தினால் ஆளே துள்ளுவார். இவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். "வலியே இல்லையே, அதனால்தான் விட்டுவிட்டேன்." சதைப் பரிசோதனையில் மெலனோமா, அதாவது தோலுக்கு நிறம் தரும் செல்களில் தொடங்கும் புற்றுநோய், என்று வந்தது.

தோல் புற்றுநோய் என்றாலே வெயில் என்றுதான் படித்திருக்கிறோம். வெள்ளைத் தோலுக்கு அது பெருமளவு சரி. அவர்களில் ஆண்களுக்கு முதுகிலும் பெண்களுக்குக் காலிலும் மெலனோமா அதிகம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது பெரும்பாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்துக்கு அடியிலும்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடிக்கப்பட்டது இதுவே. 1981இல் 36 வயதில் இறந்தார்.

நகத்தில் கறுப்புக் கோடு நம்மில் பலருக்கு இயல்பு. பல நகங்களில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே நகத்தில், அதிலும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாகத் தோன்றி, அகலமாகி, நகக்கண் தோலுக்கும் கறுப்பு பரவினால் உடனே காட்ட வேண்டும்.

தோல் புற்றுநோயில் இன்னொரு வகை, பழைய தழும்பில் வருவது. சிறுவயதில் தீச்சுட்ட வடு பல ஆண்டுகள் கழித்து வெடித்துப் புண்ணாகும். ஆறாது, ஓரம் தடித்து எழும்பும். காஷ்மீரில் குளிருக்குக் கங்கிரி என்னும் நெருப்புச் சட்டியை மடியில் வைத்துக்கொள்பவர்களுக்கு வயிற்றிலும் உள்தொடையிலும் வருகிறது. நம் பெண்களுக்கு இடுப்பு. பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கி, அறுத்து, கறுத்துத் தடித்த வரியில் அரிதாகப் புற்று வைப்பதுண்டு. நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தையுங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். பரவாயில்லை, சிரித்துவிட்டுத் தைக்கட்டும்.

முகத்தில் தோல் புற்று வருவது பெரும்பாலும் மூக்கு, கண்ணின் உள்முனை, இமை ஓரம். நமக்கு அது கறுப்பாகவே இருப்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். மச்சம் அடிக்கடி கசிந்து பொருக்குத் தட்டாது. அப்படித் தட்டுகிற ஒன்றைச் சுண்ணாம்பும் சோப்பும் வைத்துச் சுடாதீர்கள்.

அந்த அம்மாவின் குதிகாலில் இப்போது தொடைத் தோல் ஒட்டியிருக்கிறது. மறுபரிசோதனைக்கு வரும்போது நான் கேட்பதற்கு முன்பே இரண்டு செருப்பையும் வாசலில் விட்டுவிட்டு வருகிறார்.