அதே 20 யூனிட், வேறு வேறு சர்க்கரை

காலையில் 20 யூனிட் இன்சுலின், இரவில் 10. மருந்துச் சீட்டில் பல மாதங்களாக இதே எண்கள்தான். ஆனால் வெறும்வயிற்றுச் சர்க்கரை ஒரு நாள் 110 காட்டுகிறது, மூன்றாம் நாள் 240 காட்டுகிறது. முதல் பழி சாப்பாட்டின் மேல் விழும். அடுத்தது, "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை." சாப்பாடும் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அளவைக் கூட்டுமுன் குப்பியையும் சிரிஞ்சையும் ஊசி இறங்கும் தோலையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சீட்டில் எழுதிய 20 யூனிட் நேராக ரத்தத்தில் போய்ச் சேருவதில்லை. தோலுக்கடியில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கி, அங்கிருந்து கசிந்து கசிந்துதான் உள்ளே போகிறது. அந்தக் கசிவு மாறினால் மீட்டரில் எண்ணும் மாறும்.

சில வீடுகளில் கோளாறு அதற்கும் முன்னால், சிரிஞ்சிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் இன்சுலின் இரண்டு செறிவுகளில் புழங்குகிறது. 10 மில்லி குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் இருப்பது மில்லிக்கு 100. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை: நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. கடையில் போய் "இன்சுலின் சிரிஞ்சு குடுங்க" என்று மட்டும் கேட்டால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும்.

நாற்பது குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். சர்க்கரை ஏறும், அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சு கைக்கு வந்ததும், கூட்டிய அளவு முழுசாக இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். தலைகீழ்த் தப்பு இன்னும் மோசம். கார்ட்ரிட்ஜில் மிச்சம் இருப்பதை வீணாக்க மனம் வராமல் சிவப்பு மூடி சிரிஞ்சால் 20 கோடு வரை உறிஞ்சினால் வருவது 0.5 மில்லி, 50 யூனிட். கார்ட்ரிட்ஜுக்குள் சிரிஞ்சு ஊசியை விடவே கூடாது. குப்பியில் உள்ள எண், சிரிஞ்சில் அச்சடித்த எண், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

இனி குட்டைக்கு வருவோம். குப்பிக்குள் இன்சுலின் மூலக்கூறுகள் தனித்தனியாக மிதப்பதில்லை. ஆறு ஆறாகச் சேர்ந்து, நடுவே துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாக இருக்கும். அந்தக் கொத்து நுண்ணிய ரத்தக்குழாயின் சுவரைத் தாண்ட முடியாத அளவுக்குப் பெரிது. தோலுக்கடியில் நீர்த்து, இரண்டிரண்டாகப் பிரிந்து, கடைசியில் ஒற்றை ஒற்றையாக ஆன பிறகுதான் சுலபமாக உள்ளே போகும். 'ப்ளைன்' என்ற மாற்றம் செய்யாத சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடச் சொல்வது இதனால்தான். 1996-ல் வந்த லிஸ்ப்ரோ என்ற வேகமான இன்சுலினில் செய்த மாற்றம் மிகச் சின்னது. அமினோ அமிலச் சங்கிலி ஒன்றின் வால் பக்கம் புரோலினும் லைசினும் இடம் மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். கொத்தின் பிடி தளர்ந்துவிட்டதால் 15 நிமிடத்தில் வேலை தொடங்கிவிடுகிறது. கிளார்ஜின் என்ற மெதுவான இன்சுலின் இதற்கு நேரெதிர். அமிலக் கரைசலில் தெளிவாக இருப்பது, தோலுக்கடியில் அமிலம் சமனானதும் நுண்துகளாகப் படிந்து, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரையும். அதனால்தான் வேறு எந்த இன்சுலினோடும் அதை ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது.

நம் ஊரில் நிறையப் பேர் போட்டுக்கொள்வது முப்பது-எழுபது கலவை. அதில் 30 பங்கு ப்ளைன், 70 பங்கு புரோட்டமின் என்ற புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கிய மெதுவான இன்சுலின். குப்பியைச் சும்மா வைத்தால் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளை அடியில் படிந்து, மேலே தெளிந்து நிற்கும். அப்படியே எடுத்துப் போட்டால் சீட்டில் உள்ள கலவை உடம்புக்குள் போகாது. ஒரு நாள் வேகமான பங்கு கூடிச் சில மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கும், இன்னொரு நாள் அடிவண்டல் கூடி வரும். குப்பியைப் படுக்கவைத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே 10 தடவை உருட்டி, பிறகு 10 தடவை மேலும் கீழுமாகக் கவிழ்த்து நிமிர்த்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். மூலை முடுக்கெல்லாம் ஒரே பால் வெள்ளை என்றால் தயார். உருட்டிய பிறகும் திரி திரியாக மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி மாதிரி ஒட்டியிருந்தாலோ அந்தக் குப்பி போச்சு. இருமல் மருந்தைப் போலக் குலுக்கினால் நுரைக்கும். சிரிஞ்சில் ஏறும் குமிழி தோலுக்கடியில் போனால் ஆபத்தில்லை, ஆனால் அது அடைத்த இடத்துக்கு மருந்து குறையும்.

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி. ஃபிரீசரில் வைத்து உறைந்துவிட்டால், உருகிய பின் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தாலும் உறையலாம். திறந்த குப்பிக்கு வழக்கமான கெடு 28 நாள், அதுவும் 30 டிகிரிக்குள் இருந்தால். ஒரு நாளைக்கு 30 யூனிட் போடுபவருக்கு 400 யூனிட் குப்பி இரண்டு வாரம்கூட வராது. 10 யூனிட் போடுபவருக்கு 40 நாள் வரும், ஆனால் கடைசி 12 நாள் மருந்தை நம்ப முடியாது. திறந்த தேதியை லேபிளில் எழுதி வைத்தால் சண்டையில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை நிஜமாகவே உதவும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், உள்ளே தண்ணீர் படாத டப்பாவில் குப்பி. நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் இதில் சூட்சுமம். ஆகவே வறண்ட உள்மாவட்டத்தில் நன்றாகக் குளிரும், புழுக்கம் மிகுந்த கடலோரத்தில் அவ்வளவு குளிராது.

ஊசி இறங்க வேண்டியது தோலுக்கும் தசைக்கும் நடுவே உள்ள கொழுப்பில். பேனாவுக்கு 4 மி.மீ. ஊசி பெரியவர்கள் எல்லோருக்கும் போதும், நேராகக் குத்தலாம். சிரிஞ்சு ஊசி அதைவிட நீளம் என்பதால், ஒல்லியானவர்கள் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் குத்தாவிட்டால் தசைக்குள் போய்விடும். தசையில் ரத்த ஓட்டம் அதிகம், மருந்து மடமடவென்று ஏறி லோ சுகர் ஆகும். பேனாவில் பொத்தானை அழுத்தியவுடன் ஊசியை உருவினால் நுனியில் இரண்டு சொட்டு நிற்கும். அது உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து. 10 எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். வயிற்றில் போட்டால் வேகம், தொடையில் போட்டால் மெதுவு. தொடையில் போட்டுக்கொண்டு உடனே நடக்கப் போனாலோ, போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டாலோ மெதுவும் வேகமாகும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தும் எண் தாறுமாறாக வந்தால் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கொழுப்புச் செல்களை வளரச் சொல்வது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே கொழுப்பு பெருத்து, ரப்பர் பந்தை அமுக்குவது போல ஒரு மேடு உண்டாகும். அங்கே வலி தெரியாது. அதனாலேயே கை தானாக அந்த இடத்துக்கே போகும், மேடு இன்னும் வளரும். கண்ணுக்குத் தெரியாத கட்டிகூட, கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு தொப்புளைச் சுற்றி மெதுவாக வருடினால் தட்டுப்படும். அதற்குள் போட்ட மருந்து ஒரு நாள் சிக்கிக்கொள்ளும், இன்னொரு நாள் வெளியே வந்துவிடும். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு, வாரம் ஒரு பக்கமாகச் சுற்றி வந்தால் கட்டி வராது.

கட்டியை விட்டு நல்ல தோலுக்கு மாறும் நாளில்தான் எச்சரிக்கை தேவை. இத்தனை நாள் பாதி வீணான அளவு இப்போது முழுசாக வேலை செய்யும். மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டுதான் மாற வேண்டும், முதல் வாரம் மீட்டரில் அடிக்கடி பார்க்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும்.