அழ வைத்த கதையும் சுவர் நாற்காலியும்

"ஐந்நூறு பக்கம் கூடவே நடந்தவள் கடைசி அத்தியாயத்தில் இறந்துவிட்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எல்லாம் கற்பனை என்று தெரிந்தும் ஏன் இப்படி?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் அரசர் லியரின் மகள் கார்டீலியாவின் சாவு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சனை எவ்வளவு உலுக்கியதென்றால், பதிப்பாசிரியராக அதைத் திருத்த வேண்டி வரும்வரை அந்தக் கடைசிக் காட்சிகளை அவர் மறுபடி புரட்டவே இல்லையாம். மேடையிலோ, 1681-இல் நேஹம் டேட் என்ற நாடகாசிரியர் அவளைப் பிழைக்க வைத்துத் திருமணமும் முடித்துவைத்த வடிவம்தான் நூற்றைம்பது ஆண்டுகள் போல ஓடியது. நம் வீடுகளில் இராமாயணப் பாராயணம் பட்டாபிஷேகத்தோடு நின்றுவிடுகிறதே, அதுவும் இந்த வகைதான். உத்தர காண்டத்தை வீட்டில் படித்தால் ஆகாது என்பார்கள். தோஷமாவது, மண்ணாவது! சீதை பூமிக்குள் போவதைத் தாங்க முடியாதவர்கள் கண்டுபிடித்த சாக்கு என்பேன்.

பழகப் பழக ஒருவர்மேல் பற்று வைக்கும் மனம், அவர் ரத்தமும் சதையுமா, அச்சு மையா என்று பார்ப்பதில்லை. இழப்பு வந்தால் தொண்டை அடைக்கிறது, பசி போகிறது. இதுவரை எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் அழ வைத்த கதையையே ஏன் மறுபடி தேடிப் போகிறோம்?

ஆக்ஸ்போர்டில் ராபின் டன்பார் என்ற உளவியலாளரின் குழுவினர் 2016-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். பள்ளியில் இதைத் தண்டனையாக அனுபவித்தவர்களின் தொடை இன்னும் மறந்திருக்காது. எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, சிலருக்கு வீடற்ற ஒருவரின் துயரக் கதையைப் படமாகக் காட்டினார்கள், மற்றவர்களுக்கு ஆவணப்படம். பிறகு மறுபடியும் சுவர். துயரக் கதை பார்த்தவர்கள் சராசரியாக முன்பைவிட அதிக நேரம் தாங்கினார்கள். கூட உட்கார்ந்து பார்த்தவர்களோடு நெருக்கம் கூடியதாகவும் சொன்னார்கள். கதை மனதைத் தொடாதவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

சுவர் எதற்கு? மார்ஃபின் என்ற வலி மருந்து மூளையில் போய் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டும் வலி நிவாரணி எண்டார்ஃபின். மூளையே அதைச் சுரக்கிறது. மூளைக்குள் சுரப்பது ரத்தத்துக்கு எளிதில் வருவதில்லை, ஆகவே ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் அளந்து பயனில்லை. வலி தாங்கும் நேரத்தை வைத்து ஊகிக்கிறார்கள். உடல் வலியையும் மனவலியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகள் ஓரளவு ஒன்றே. கதை தந்த மனவலிக்காகச் சுரந்த மருந்து தொடைக்கும் உதவுகிறது என்பது டன்பாரின் விளக்கம். ஒரு சுவர், ஒரு கடிகாரம், ஒரு படம்! நம் ஊரில் இதற்கு நிதி கேட்டால் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அப்படியானால் சுப முடிவு ஏன் இனிக்கிறது? டால்ஃப் சில்மன் என்ற உளவியலாளர் சொன்னபடி, ஆபத்து நீங்கியதை மனம் நொடியில் புரிந்துகொள்கிறது; படபடப்பு அடங்க உடலுக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த மிச்சப் படபடப்பு மகிழ்ச்சியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. டேட்கூட கிழவர் லியரைப் புயலில் நனையவிட்ட பிறகுதான் அரியணையைத் திருப்பிக் கொடுத்தார்.